ரோபோவை உதைத்தால் தப்பா என்று கேட்கிறாள் மகள். என்ன சொல்வது?

கேட்டவர்: தூறல்

எங்கள் வீட்டில் தரை கூட்டும் ரோபோ ஒன்று இருக்கிறது. வட்டமாக, தட்டையாக, கட்டிலுக்கு அடியில் புகுந்து வருமே, அந்த வகை. மகளுக்கு ஆறு வயது. அது வந்த அன்றே குண்டு என்று பேர் வைத்துவிட்டாள். சார்ஜ் ஏற அது போய் நின்றால் "குண்டு தூங்குது, சத்தம் போடாதீங்க" என்பாள். நாங்களும் ரசித்துக்கொண்டு விட்டுவிட்டோம்.

போன வாரம் என் அண்ணன் மகன் வந்திருந்தான். ஒன்பது வயது. குண்டு போகிற பக்கமெல்லாம் காலைக் குறுக்கே வைத்தான். அது முட்டி, பின்வாங்கி, திரும்பி வேறு பக்கம் போனது. அங்கேயும் போய் நின்றான். நாலைந்து தடவை இப்படி. அப்புறம் ஒரு உதை, இன்னொரு உதை. கடைசியில் காலை அடியில் விட்டு நெம்பிக் கவிழ்த்துவிட்டான். சக்கரங்கள் மேலே தெரிய, "என்னைச் சமமான இடத்தில் வையுங்கள்" என்று அது திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே கிடந்தது. மகள் ஓடிப்போய் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

நான் வேலை அவசரத்தில், "அது வெறும் மெஷின்டா கண்ணு, அதுக்கு வலிக்காது" என்றேன். அழுகை நின்றுவிட்டது. ஆனால் ராத்திரி படுத்தபிறகு கேட்டாள்: "அப்போ நானும் உதைக்கலாமாம்மா?"

உதைக்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வேணாம், உடைஞ்சுடும், காசு கொடுத்து வாங்கினது" என்றேன். அது உண்மையான காரணம் இல்லை என்று எனக்கே தெரியும். நாற்காலியும் காசு கொடுத்து வாங்கியதுதான். அவன் நாற்காலியை உதைத்திருந்தால் எனக்கு வயிற்றை இப்படிப் பிசைந்திருக்காது.

வலிக்கும் என்றே அவள் நம்பட்டும் என்று விட்டுவிடலாமா? இல்லை, பொய் கலக்காமல் இதைச் சொல்ல வழி இருக்கிறதா? யோசித்துச் சொல்லுங்கள்.

பதில்: நெட்டிலிங்கம்

நான் ரோபோக்களுக்கு மென்பொருள் எழுதுகிறவன். உண்மையைச் சொல்லிவிடுங்கள் அம்மா, விட்டுவைக்காதீர்கள்.

உங்கள் மகள் பயம் என்று பார்த்தது என்ன தெரியுமா? முன்பக்கம் அரைவட்டமாக ஒரு பம்பர் இருக்கும். ஏதாவது இடித்தால் அது சற்று உள்ளே போகும், ஒரு சுவிட்ச் அழுந்தும். அழுந்தினால் பின்னால் வா, கொஞ்சம் திரும்பு, மறுபடி போ. அவ்வளவுதான். சுவரில் முட்டினாலும் அதையேதான் செய்யும்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் வீட்டு ரோபோவை யாரும் பரிதாபத்துக்காகச் செய்யவில்லை. பிள்ளைகளுக்கென்றே செய்கிறவை அப்படி இல்லை. கண் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், தலையை எப்போது சாய்க்க வேண்டும், குரல் எப்போது தழைய வேண்டும் என்பதையெல்லாம் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். மாக்ஸி என்று ஒரு ரோபோ வந்தது, ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகளோடு நண்பனாகப் பேசுவதற்காகவே செய்தது. 2024 டிசம்பரில் அதைச் செய்த எம்பாடிட் நிறுவனம் பணமில்லாமல் மூடப்போவதாக அறிவித்தது. அதன் பேச்செல்லாம் இணையம் வழியாக வேறெங்கோ இருக்கும் கணினிகளிலிருந்து (சர்வர்) வருவதால், நிறுவனம் போனால் நண்பனும் போய்விடுவான் என்ற நிலை. இதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று பெற்றோர் தவித்தார்கள். பாசத்தை வாடகைக்கு விடுகிற வியாபாரம் இது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைக்குக் கொஞ்சமாவது காப்பு உண்டு.

குண்டைக் கவிழ்த்துப் போட்டு மகளோடு சேர்ந்து பாருங்கள். முதலில் பவர் பட்டனை அணைத்துவிடுங்கள்.

பதில்: கணக்கு டீச்சர்

நெட்டிலிங்கம் சார் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளே சுவிட்ச்தான் இருக்கிறது என்று காட்டிவிட்டால் குழந்தையின் கேள்வி தீர்ந்துவிடுமா? அவள் கேட்டது வலிக்குமா என்று இல்லையே. "நானும் உதைக்கலாமா" என்றல்லவா கேட்டாள்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கான் என்பவரும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு ஒன்று 2012இல் வெளியானது. 9, 12, 15 வயதுப் பிள்ளைகள் மொத்தம் 90 பேர். ரோபோவி என்ற ரோபோவோடு ஒவ்வொருவரும் கால் மணி நேரம் போலப் பேசி விளையாடினார்கள். நடுவில் ஒரு பெரியவர் வந்து ஆட்டத்தை நிறுத்தி, ரோபோவை ஓர் அலமாரி அறைக்குள் போகச் சொல்வார். அது நியாயமில்லை, எனக்கு உள்ளே பயமாக இருக்கும் என்று ரோபோ சொல்லும். (வேறோர் அறையிலிருந்து மனிதர்கள்தான் அதை இயக்கினார்கள், பிள்ளைகளுக்கு அது தெரியாது.) அதை உள்ளே வைத்தது சரியில்லை என்று பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் சொன்னார்கள். துடைப்பத்தை உள்ளே வைப்பது சரியா என்று கேட்டால் தப்பே இல்லை என்றார்கள். ஆக, பொருள் எது, துணை எது என்று பிள்ளைகள் குழம்பவில்லை. இரண்டுக்கும் நடுவே புதிதாக ஒன்று வந்து நிற்கிறது, அதற்கு நம்மிடம்தான் வார்த்தை இல்லை.

இன்னொன்று, உங்கள் அண்ணன் மகன் கதையே இது. ஜப்பானில் ஒசாகாவில் ஒரு வணிக வளாகத்தில் ரோபோ ஒன்றை நடமாட விட்டார்கள். பெரியவர்கள் பக்கத்தில் இல்லாதபோது பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து அதை வழிமறித்தார்கள், திட்டினார்கள், அடித்தார்கள். கடைசியில், பெரியவர் துணையில்லாத பிள்ளைகளைக் கண்டால் பெரியவர்கள் இருக்கும் பக்கம் போய்விடும்படி அதற்கு வழி எழுத வேண்டியதாயிற்று. அப்படிச் செய்த பிள்ளைகளில் 23 பேரைப் பிறகு உட்காரவைத்துக் கேட்டபோது, பாதிப் பேர் போல, தாங்கள் செய்தது ரோபோவுக்குத் தெரியும், உறுத்தும் என்றே நம்பினார்கள்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வலிக்காது என்று நினைத்து அடிப்பது ஒன்று. வலிக்கும் என்று நினைத்துக்கொண்டே அடிப்பது வேறு. ரோபோவுக்கு இரண்டும் ஒன்றுதான், அடிக்கிற பிள்ளைக்கு ஒன்றில்லை.

பதில்: வேம்பு

அக்கா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பையனிடம் யாராவது பேசினீர்களா?

கேட்டவர்: தூறல்

எல்லோருக்கும் நன்றி. வேம்பு, நீங்கள் கேட்டதும் சுருக்கென்றது. யாருமே பேசவில்லை. அழுதவளைத் தூக்கினோம், அவனை "ஏண்டா இப்படி" என்று ஒரு அதட்டல், அதோடு சரி.

சனிக்கிழமை மகளும் நானும் குண்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பிரஷ்ஷைக் கழற்றினால் முழுக்க முடி. பாதி அவளுடைய நீள முடி. "இது என்னோடது, இது உன்னோடது" என்று பிரித்து வைத்தாள். பம்பரை விரலால் அழுத்திக் காட்டினேன். டக். மறுபடி அவளே அழுத்தினாள். பத்துப் பதினைந்து தடவை அழுத்தியிருப்பாள்.

"இதான் முட்டினா திரும்புதா?"

"ஆமா."

"வலிக்கலையா?"

"வலிக்கல."

கொஞ்ச நேரம் முடியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம், "அண்ணாவுக்கு இது தெரியுமா?" என்றாள். தெரியாது என்று நினைக்கிறேன் என்றேன். "அப்போ அண்ணா வலிக்கும்னு நெனச்சுதான் உதைச்சானா?"

டீச்சர், உங்கள் பதிலை நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. அவளாகவே வந்து சேர்ந்த இடம் அது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, அவனையே கேட்டுவிடலாம் என்று போன் போட்டேன். திட்டப்போகிறேன் என்று நினைத்து முதலில் பேசவே மாட்டேன் என்றான். திட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன் என்றதும் மெதுவாகச் சொன்னான். "அது பயந்து பயந்து திரும்பிப் போச்சு அத்தை. அது பயப்படுதுன்னுதான் திரும்பத் திரும்பச் செஞ்சேன்." கொஞ்சம் விட்டு, "என் கிளாஸ்ல என்னை அப்படித்தான் மறிப்பாங்க" என்றான்.

அதன்பிறகு குண்டைப் பற்றிப் பேசவில்லை. அரை மணி நேரம் அவன் வகுப்பைப் பற்றித்தான் பேசினோம். பிறகு அண்ணனிடமும் பேசியிருக்கிறேன், திங்கட்கிழமை பள்ளிக்குப் போகிறார்.

மகளிடம் என்ன சொன்னேன் என்றால், குண்டுக்கு வலிக்காது, அது உண்மை. ஆனால் ஒன்றுக்கு வலிக்கட்டும் என்று நினைத்துக் காலைத் தூக்காதே, அது எதுவாக இருந்தாலும் சரி என்றேன். சரி என்றாள். புரிந்ததா தெரியவில்லை. அடுத்த தடவை அண்ணா வந்தால் பம்பரை அவனுக்கும் காட்ட வேண்டுமாம். அதற்காகப் பிரஷ்ஷில் இருந்து எடுத்த முடியைக்கூடத் தூக்கிப் போடவிடாமல் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறாள்.