பார்க்கின்சன் குழுப் பயிற்சி: கூடத்தில் கண்டவை, திருத்தியவை

இயன்முறை மருத்துவர்:

குழுவில் சேர வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது "மாத்திரை எத்தனை மணிக்கு?" என்பதுதான். இந்த நோய்க்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான லெவோடோபா உள்ளே போய் உடம்பு இளக அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். நோய் முற்றியவர்களுக்கு அந்த இளக்கம் 3 மணி நேரம்கூட நிற்பதில்லை. 7 மணிக்கு மாத்திரை போட்டவரை 11 மணி வகுப்புக்கு வரச்சொன்னால் நாற்காலியை விட்டு எழவே சிரமப்படுவார். "வீட்டில் நல்லாத்தான் இருந்தார், இங்கே வந்து அடம் பிடிக்கிறார்" என்று வீட்டார் கடிந்துகொள்வதைப் பல கூடங்களில் பார்க்கலாம். அது அடம் இல்லை, மருந்து இறங்கிவிட்டது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பக்கத்தில் மாத்திரை நேரத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள். இரண்டு வாரத்தில் வகுப்பு நேரம் தானாகத் தெரிந்துவிடும்.

அடுத்தது கால் ஒட்டிக்கொள்வது. வாசற்படி, குறுகலான கதவு, திரும்பும் இடம், லிஃப்ட் வாசல், இங்கெல்லாம் பாதம் தரையில் பசை போட்டது போல நின்றுவிடும். உதவிக்கு வருபவர் கையைப் பிடித்து இழுப்பார். தோள் முன்னே வரும், பாதம் வராது, ஆள் முகங்குப்புற விழுவார். இழுக்காமல் பக்கத்தில் நின்று வரிசையாகச் சொல்லுங்கள்: "நில்லுங்க. நிமிருங்க. எடையை இடம் வலம் மாத்துங்க. இப்போ பெரிய அடி ஒண்ணு எடுத்து வைங்க." அவசரப்படுத்தினால் இன்னும் ஒட்டும்.

தரையில் டேப் ஒட்டுவது நல்ல பலன் தரும். நடக்கும் திசைக்குக் குறுக்கே, 45 முதல் 50 செ.மீ. இடைவெளியில், தரை நிறத்துக்கு எதிரான நிறத்தில் ஒட்ட வேண்டும். நீளவாக்கில் ஒட்டிய கோட்டால் பயன் இல்லை. தானாக ஓடும் நடைதான் இந்த நோயில் பழுதாகிறது. கண்ணால் பார்த்து, வேண்டுமென்றே எடுத்து வைக்கும் அடிக்கு மூளை வேறு வழியைப் பயன்படுத்துகிறது. சமதரையில் தடுமாறுபவர் படிக்கட்டில் சரசரவென்று ஏறுவதும் இதனால்தான்.

பேச்சுப் பயிற்சியாளர்:

இந்த நோயில் குரலும் உள்ளே போய்விடும். அதற்கான குரல் பயிற்சியில் கட்டளை ஒன்றே ஒன்றுதான்: சத்தமாக. "தெளிவாகப் பேசுங்க, மெதுவாகப் பேசுங்க, வாயைத் திறங்க" என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் எதுவும் நடக்காது. அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய எல்.எஸ்.வி.டி. (லீ சில்வர்மன் குரல் சிகிச்சை) முறையின் அடிப்படையே இந்த ஒற்றைக் கட்டளை. வாரத்துக்கு 4 நாள், நாளுக்கு 1 மணி நேரம், 4 வாரம், மொத்தம் 16 அமர்வு. வாரம் ஒருநாள் கூடும் குழு இதற்கு மாற்று ஆகாது. பயிற்சி முடித்தவர் அதில் பெற்ற குரலை இழக்காமல் காக்கத்தான் குழு.

நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை நிறைய இழுத்து, "ஆ" என்று முடிந்தவரை நீட்டச் சொல்லுங்கள். தொண்டையை இறுக்கிக் கத்துவது தவறு. "நான் கத்துறேனே" என்று கூச்சப்படுவார்கள், ஆனால் எதிரே இருப்பவருக்கு அது சாதாரணப் பேச்சு. செல்போனில் பதிவு செய்து உடனே போட்டுக்காட்டினால் நம்புவார்கள். தயவுசெய்து மைக் கொடுக்காதீர்கள். கொடுத்த நொடியில் குரல் பழையபடி உள்ளே போய்விடும்.

சமூக சேவகர்:

மூன்றாவது வாரத்திலிருந்து வீட்டாரைத் தனி அறையில் 20 நிமிடம் உட்கார வையுங்கள். நோயாளி பக்கத்தில் இருக்கும்வரை "பரவாயில்லைங்க" என்பதைத் தாண்டி ஒரு சொல் வராது. ராத்திரி தூக்கத்தில் அலறுவது, கை ஓங்குவது, இல்லாத ஆள் நிற்பதாகச் சொல்வது எல்லாம் அந்த அறையில்தான் வெளிவரும். மருத்துவரிடம் போக வேண்டிய செய்திகள் இவை.

உணவியல் ஆலோசகர்:

கூடத்தில் காபியோடு மாத்திரை விழுங்குவதை நிறுத்தச் சொல்லுங்கள். பால், பருப்பு, முட்டை ஆகியவற்றின் புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் ஒரே வாசலில் முண்டியடிக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, வெறும் தண்ணீரில் விழுங்குவது நல்லது. குமட்டினால் ஒரு ரஸ்க் போதும். புரதத்தைக் குறைக்கக் கூடாது. தேவைப்பட்டால் பெரும்பகுதியை இரவுக்குத் தள்ளலாம். இரும்புச்சத்து மாத்திரைக்கு 2 மணி நேர இடைவெளி வேண்டும்.

பூனைக்காலி விதைப் பொடி எல்லாக் குழுவிலும் கைமாறுகிறது. அதில் இருப்பதும் லெவோடோபாவேதான், ஆனால் ஒரு கரண்டியில் எவ்வளவு என்பது பொடிக்குப் பொடி மாறும். மாத்திரையோடு சேர்ந்தால் உடம்பு நெளிய ஆரம்பிக்கும். பொடியை நம்பி மாத்திரையைத் திடீரென நிறுத்துவது அதைவிட ஆபத்து: கடுங்காய்ச்சல், விறைப்பு, ஐ.சி.யூ.

செவிலியர்:

குமட்டல் என்றதும் ஞாபகம் வருகிறது. வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்கு புரோகுளோர்பெரசின், இரண்டும் இந்த நோயில் மூளையில் குறைந்துபோகும் டோபமைன் என்ற பொருளைத் தடுப்பவை, நோயை ஏற்றிவிடும். மருந்துக்கடையில் நோயின் பெயரைச் சொல்லாமல் எதுவும் வாங்க வேண்டாம்.

இயன்முறை மருத்துவர்:

கோலாட்டம் சேர்க்கலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. நியூயார்க்கின் புரூக்ளினில் 2001 முதல் பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு நடன வகுப்பு நடக்கிறது. தாளம் காலை இழுத்துச் செல்லும். முதல் மாதம் உட்கார்ந்தபடியே கோல் தட்டட்டும். சக்கரம் இல்லாத, கைப்பிடி உள்ள நாற்காலி, 45 செ.மீ. உயரம். நின்று ஆடும்போது பின்னோக்கி வைக்கும் அடிகளை எடுத்துவிடுங்கள், விழுவது அங்கேதான். நின்ற இடத்தில் சுழலாமல், அகலமாக வளைந்து திரும்பட்டும். தாளத்தை வேகப்படுத்தும் ஆசை வரும். கால் ஒட்டும் பழக்கம் உள்ளவருக்கு அவர் நடையைவிடச் சற்று மெதுவாகவே தட்டுங்கள். மூன்றாவது சுற்றில் அடி சுருங்க ஆரம்பித்தால் பாட்டை நிறுத்தி உட்கார வைத்துவிடுங்கள்.