புதுப்பிப்பு: ஜேசன் லிஸ்ட் சிக்கல் தீர்ந்தது

முன்பு கேட்டிருந்தது இதுதான்: ஜாவாவில் ஜிசான் என்ற லைப்ரரி கொண்டு, ஜேசன் (உரை வடிவத் தரவு) ஆக வந்த ஆர்டர் லிஸ்ட்டைப் படிக்கும்போது பிழை எதுவும் வரவில்லை, ஆனால் முதல் ஆர்டரை எடுத்ததும் கிளாஸ்காஸ்ட் எக்செப்ஷன், அதாவது வகை பொருந்தாத பிழை. உள்ளே ஆர்டருக்குப் பதில் லிங்க்டுட்ரீமேப் என்ற ஜிசானின் பொதுவான மேப் இருந்தது.

ஜாவா, ஜெனரிக் வகைகளை (லிஸ்ட்டுக்குள் இருப்பது எந்த வகை என்ற தகவலை) கம்பைல் செய்யும்போதே அழித்துவிடுகிறது. வெறும் லிஸ்ட் என்று கொடுத்தால் உள்ளே இருப்பது ஆர்டர் என்று ஜிசானுக்குத் தெரிய வழியே இல்லை. முழு வகையையும் ஜிசானுக்குச் சொல்லும் டைப்டோக்கன் என்ற கிளாஸுக்குப் பின்னால் {} போடுவது இதற்காகத்தான்: அது ஒரு சப்கிளாஸை உருவாக்குகிறது, அதில் முழு வகையும் அழியாமல் தங்கிவிடுகிறது. அருமையான யோசனை!

அப்புறம் இன்னொன்று. வகை தெரியாத இடத்தில் எண்கள் டபுள் என்ற தசம எண் வகையாகிவிடும். 5 என்பது 5.0. நீளமான ஆர்டர் எண் 9007199254740992-ஐத் தாண்டினால் கடைசி இலக்கமே மாறலாம், எக்செப்ஷன்கூட வராது. இதுதான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது. அந்த ஆர்டர் எண் ஃபீல்டை ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடராக) மாற்றிவிட்டேன்.