நிறம் போய்விட்டது, சாயம் போய்விட்டதா?

ஆய்வகமாணவி:
சாயக் கழிவுநீர்ச் சேற்றிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவைக் கொண்டு ரியாக்டிவ் பிளாக் 5 என்ற துணிச் சாயத்தைச் சிதைக்க முயன்று வருகிறேன். லிட்டருக்கு 100 மி.கி. சாயமும், குளுக்கோஸ், ஈஸ்ட் சாறு இரண்டும் ஒவ்வொரு கிராமும் சேர்த்த ஊடகத்தை அசைக்காமல் வைத்தால் 36 மணி நேரத்தில் கருநீலம் மறைந்து வெளிர்மஞ்சளாகிறது. குலுக்கியில் வைத்த குடுவையில் மூன்று நாளாகியும் நிறம் அப்படியே நிற்கிறது. நிறம் மறைந்த குடுவையைப் பிறகு குலுக்கியில் ஏற்றினேன்; ஒரு மணி நேரத்தில் நீர் மீண்டும் இருண்டுவிட்டது. சி.ஓ.டி.யும் (நீரிலுள்ள கரிமப் பொருள்களை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. சாயம் உண்மையிலேயே சிதைந்ததா?

சேற்றுத்தொட்டி:
சிதைந்தது, ஆனால் பாதி வழிதான். நிறத்துக்குக் காரணமான அசோ பிணைப்பு, அதாவது இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான இரட்டைப் பிணைப்பு, எலக்ட்ரான்களைப் பெற்றால்தான் முறியும். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் பாக்டீரியா தரும் எலக்ட்ரான்களை அதுவே முந்திக்கொண்டு வாங்கிவிடுவதால் சாயத்துக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. அசைக்காத குடுவையை உற்றுப் பாருங்கள்: அடிப்பகுதி வெளுத்த பின்னும் காற்றைத் தொடும் மேற்பரப்பில் மெல்லிய நீலப் படலம் தங்கியிருக்கும்.

இந்தச் சாயத்தில் அசோ பிணைப்புகள் இரண்டு. இரண்டும் முறிந்தால் நடுவிலிருந்த நாப்தலீன் துண்டு மூன்று அமினோ தொகுதிகளோடு தனியே நிற்கும். காற்றுப் பட்டவுடன் அது தானாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்து நிறமுள்ள பொருளாகிவிடும். நீங்கள் கண்ட இருட்சி அதுவாகத்தான் இருக்க வேண்டும். பழைய சாயம் திரும்பி வரவில்லை. இப்படி உண்டாகும் அரோமேட்டிக் அமீன்களில் (பென்சீன் போன்ற வளையத்தில் அமினோ தொகுதி ஏறிய பொருள்களில்) சில, மூலச் சாயத்தைவிட நச்சு மிக்கவை. காங்கோ சிவப்பு என்ற மற்றோர் அசோ சாயம் முறிந்தால் கிடைக்கும் பென்சிடின் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பது அறிந்ததே.

சி.ஓ.டி.யை இங்கே நம்பாதீர்கள். ஒரு கிராம் குளுக்கோஸ் மட்டுமே ஏறத்தாழ 1,067 மி.கி. கணக்குக் காட்டும், அதன் நடுவே 100 மி.கி. சாயத்தின் கதி என்னவென்று அந்த எண்ணில் தெரியப் போவதில்லை. செல்களை மையவிலக்கி, வண்டலின் நிறத்தையும் பாருங்கள். அது நீலமாக இருந்தால் சாயத்தின் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டது மட்டுமே.

வேதிமேசை:
மிச்சமுள்ள பாதிக்கு ஃபெண்டன் வினையைப் பரிந்துரைப்பேன். pH 3 அளவில் பெரஸ் அயனியும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து உண்டாக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்பு (தீவிரமாக வினைபுரியும் ரேடிக்கல்), அரோமேட்டிக் வளையத்தையே உடைக்க வல்லது. ஆனால் அது எதையும் தேர்ந்தெடுத்துத் தாக்குவதில்லை. எதிரே குளுக்கோஸ் வந்தால் அதையும் தின்னும். ஆகவே எளிதில் செரிப்பவற்றை நுண்ணுயிர்களிடம் முதலில் விட்டுவிட்டு, பிறகு பெராக்சைடை இறக்குவதே சிக்கனம். ரியாக்டிவ் சாயத் தொட்டிகளில் உப்பு மிகுதி என்பதால், உண்மையான கழிவுநீரில் குளோரைடும் அந்தத் தனி உறுப்புகளில் ஒரு பங்கை வீணாக்கும்.

ஆய்வகமாணவி:
மிக்க நன்றி. வண்டல் வெளிர்நிறமாகவே இருக்கிறது. ஃபெண்டனுக்குப் பின் மீண்டும் காற்றூட்டிய நுண்ணுயிர்க் கட்டம் வைக்கலாமா? அமீன்கள் போனதை எப்படி உறுதி செய்வது?

வேதிமேசை:
வைக்கலாம். அதற்கு முன் pH-ஐ உயர்த்தி இரும்பைப் படியவிடுங்கள். எஞ்சிய பெராக்சைடையும் கேட்டலேஸ் நொதியால் நீக்குங்கள். இல்லையேல் அது பாக்டீரியாவைக் கொல்லும். சி.ஓ.டி. சோதனையில் சேர்க்கும் டைகுரோமேட்டோடு வினைபுரிந்து சி.ஓ.டி. அளவையும் பொய்யாக உயர்த்தும்.

சேற்றுத்தொட்டி:
அமீன்களுக்கு ஹெச்.பி.எல்.சி. (கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் கருவி) சிறந்தது. அது கிடைக்காவிட்டால் ஒளி உறிஞ்சல் நிறமாலையை 200 நா.மீ. (நானோமீட்டர்) முதல் முழுவதுமாக எடுங்கள். சாயத்தின் நிறத்தைக் காட்டும் 597 நா.மீ. முகடு விழுந்ததை மட்டும் பார்த்துத்தான் நானும் முதல் ஆண்டு முழுவதும் ஏமாந்தேன்; புறஊதாப் பகுதியில் வளையங்களின் உறிஞ்சல் அசையாமல் நின்றதைப் பார்க்கவே இல்லை. சல்போனேட் ஏறிய அமீன்கள் காற்றூட்டிய தொட்டியிலும் எளிதில் மசியாதவை. அந்தக் கட்டத்துக்கு ஒரே வகைப் பாக்டீரியாவை நம்பாமல், பழக்கப்படுத்திய கலப்புச் சேற்றையே பயன்படுத்துங்கள்.