திருவான்மியூர்: ஸ்பைடர் லில்லி இலை நுனி கருகுது, பூவும் இல்லை. உதவி வேணும்

திருவான்மியூர் தோட்டம்:
வணக்கம். எங்க வீடு கடற்கரைக்கு ரெண்டு தெரு உள்ளே. தெருப் பக்கம் காம்பவுண்ட் ஓரமா நீளமா ஒரு பாத்தி, அதுல வரிசையா ஸ்பைடர் லில்லி (வெள்ளைப் பூ பூக்கிற கிழங்குச் செடி). மொட்டை மாடியிலயும் 12 இன்ச் தொட்டிகள்ல அதே செடி. வெயில், உப்புக் காத்து எல்லாம் தாங்கும், பெரிசா பராமரிப்பு வேண்டாம்னு சொல்லித்தான் நர்சரியில கொடுத்தாங்க. இப்போ மாடித் தொட்டியில எல்லாச் செடியும் நுனியில இருந்து பழுப்பாகி உள்ளே ஏறுது. தண்ணி பத்தலையோன்னு காலை, மாலை ரெண்டு வேளையும் ஊத்துறேன், குறையல. கீழ்ப் பாத்தியில கருகல் அவ்வளவா இல்ல, ஆனா பூக்கவே மாட்டேங்குது. ஆன்லைன்ல வாங்கின அகபாந்தஸ் (கொத்தா பூ பூக்கிற இன்னொரு செடி) ரெண்டு இருக்கு, அதுவும் இலையோட சரி. போட்டோ போட்டிருக்கேன். என்ன செய்யணும்?

கொட்டிவாக்கம் சார்:
மருந்து எதுவும் அடிச்சிடாதீங்கம்மா. மூணு விஷயம் சொல்லுங்க. மாடிக்கு எந்தத் தண்ணி? தொட்டி விளிம்புல, மண் மேல வெள்ளையா பொரிஞ்சிருக்கா? கீழ்ப் பாத்தியில கருகின இலை எல்லாம் ஒரே திசையிலயா?

திருவான்மியூர் தோட்டம்:
மாடிக்கு ஆர்.ஓ. மெஷின்ல (குடிதண்ணி சுத்திகரிக்கிறது) இருந்து வெளியேறுற கழிவுத் தண்ணிதான் சார், பக்கெட்ல பிடிச்சு ஊத்துறோம். இந்த ஊர்ல தண்ணியைக் கீழே கொட்ட மனசு வராது. பாத்திக்கு போர் தண்ணி. தொட்டி விளிம்புல வெள்ளைப் படிவு இருக்கு, நகத்தால சுரண்டினா உதிருது. பாத்தியில கருகினது கடல் பக்கம் பார்த்த இலை மட்டும்தான்.

கொட்டிவாக்கம் சார்:
அப்போ இது ரெண்டு தனித்தனி பிரச்சினை.

பாத்தியில இருக்கிறது காத்துல வர்ற உப்பு. காத்து அடிக்கிற பக்கம் மட்டும் கருகும், மறுபக்கம் பச்சையா இருக்கும். இந்தச் செடிக்கு அது பெரிய சேதமே இல்ல. சாயங்காலம் இலை மேல நல்ல தண்ணி தெளிச்சு விட்டாலே போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில தானா கழுவிடும்.

மாடியில இருக்கிறது மண்ணுல சேர்ந்த உப்பு. அதான் திசை பார்க்காம எல்லாச் செடியும் கருகுது. கணக்கு போட்டுப் பாருங்க. போர் தண்ணி டி.டி.எஸ். (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுற அளவு) 1200னு வைங்க. மூணு லிட்டர்ல ஒரு லிட்டரை மெஷின் குடிதண்ணியா எடுத்துக்கிட்டா, அந்த உப்பும் சேர்ந்து மிச்ச ரெண்டு லிட்டர்ல இறங்கி அது கிட்டத்தட்ட 1800 ஆயிடும். குடிதண்ணிக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஏற்கத்தக்க அளவா வச்சிருக்கிறதே 500தான். பாத்தியில ஊத்தினா உப்பு மணல்ல இறங்கிப் போயிடும். தொட்டியில எங்க போகும்? தண்ணி ஆவியாகும், உப்பு தங்கும். வேர் தண்ணியை இழுக்க முடியாம நுனி காயும். காஞ்சதைப் பார்த்து நாம இன்னும் ரெண்டு சொம்பு ஊத்துவோம், அதோட இன்னும் உப்பு சேரும். கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவு) கலந்த மண்ணா இருந்தா இன்னும் மோசம். சரியா அலசாத நார்க்கழிவு வாங்கும்போதே உப்போடதான் வரும்.

முதல்ல மேல் மண்ணை ஒரு இன்ச் சுரண்டி எடுத்துடுங்க. அப்புறம் மெட்ரோ தண்ணியோ (குடிநீர் வாரியத் தண்ணி) மழைத் தண்ணியோ, தொட்டி கொள்ளளவுக்கு ரெண்டு மடங்கு, அடி ஓட்டை வழியா ஓடுற வரைக்கும் நிதானமா ஊத்துங்க. அடித்தட்டு வச்சிருந்தா எடுத்துடுங்க, வடிஞ்ச தண்ணியைச் செடி திரும்ப குடிச்சிடும். டி.ஏ.பி., 19:19:19 மாதிரி உரம் எல்லாத்தையும் கொஞ்ச நாள் நிறுத்துங்க, அதுவும் உப்புதான். பழுப்பான நுனி திரும்பப் பச்சையாகாது. புதுசா வர்ற இலை சுத்தமா வருதான்னு மட்டும் பாருங்க. ஆர்.ஓ. தண்ணியை வாசல் கழுவ, டாய்லெட்ல ஊத்த வச்சுக்கோங்க. அப்பவும் வீணாகாது.

பெசன்ட் நகர் அக்கா:
சார் சொன்னது அப்படியே சரி. பூ விஷயத்துக்கு வர்றேன். ரெண்டாவது போட்டோவுல பாத்தி மேல முழுசா வேப்பமரக் கிளை இருக்கேம்மா. நிழல்ல இலை கரும்பச்சையா நீளமா தளதளன்னு வளரும், பூ வராது. அரை நாளாவது நேர் வெயில் படணும், கிளையைக் கழிச்சு விடுங்க. கிழங்கோட கழுத்து மண்ணுக்கு மேல தெரியுதான்னும் பாருங்க. முழுசா புதைஞ்சிருந்தா கொஞ்சம் மண் விலக்கி விடுங்க, ஆனா பிடுங்கி நடாதீங்க. இந்த வகைக்கு இடம் மாத்தினாலே கோபம் வந்து ஒரு வருஷம் பூக்காது.

இன்னொண்ணு, மூணாவது போட்டோவைப் பெரிசாக்கிப் பாருங்க. இலையில கண்ணாடித் தாள் மாதிரி ஊடுருவித் தெரியுற திட்டு இருக்கு பாருங்க, அது உப்பு இல்ல, லில்லிப் புழு. பச்சையைச் சுரண்டித் தின்னுட்டு மேல் தோலை மட்டும் விட்டிருக்கு. வளர்ந்தா கருப்பு உடம்புல வெள்ளைப் புள்ளியும் சிவப்புத் திட்டுமா இருக்கும். கூட்டமா இறங்கினா இலை கூழாகி, அடியோட சாஞ்சிடும். இலையைத் திருப்பிப் பார்த்து முட்டைக் கூட்டம் இருக்கிற இலையை வெட்டி சோப்புத் தண்ணியில போடுங்க. ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் இலையிடுக்குல இறங்குற மாதிரி தெளிங்க. ரொம்பப் போனா இலை எல்லாத்தையும் தரையோட வெட்டிடலாம், கிழங்கு நல்லா இருந்தா துளிர்க்கும்.

திருவான்மியூர் தோட்டம்:
ஆமாம்க்கா, இப்போதான் திருப்பிப் பார்த்தேன், குட்டிக் குட்டியா புழு இருக்கு! ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அகபாந்தஸ் என்ன செய்ய?

கொட்டிவாக்கம் சார்:
அது தென்னாப்பிரிக்காச் செடி. ஊட்டி, கொடைக்கானல்ல பூத்துக் குலுங்கும், நம்ம ஊர்ல அந்தக் குளிர்ச்சி கிடையாது. அங்க இருக்கிற சொந்தக்காரங்க யாருக்காவது கொடுத்துடுங்க. அந்த இடத்துக்கு விஷமூங்கில் வைங்க, பேருதான் மூங்கில், இதுவும் லில்லி மாதிரி கிழங்குச் செடிதான். அகலமான இலை, வெள்ளைப் பூ, ராத்திரி மணக்கும். நம்ம கடலோரத்துலயே பிறந்த செடி, அதோட விதை கடல்ல மிதந்தே பரவும். ஒரு செடிக்கு மூணடி இடம் விடணும். முன் வரிசைக்கு ரெயின் லில்லி, ஒவ்வொரு மழைக்கும் தானா எழுந்து பூக்கும்.

திருவான்மியூர் தோட்டம்:
பேரே விஷமூங்கிலா சார்? வீட்டுல நாய் இருக்கு, மூணு வயசுக் குழந்தையும் இருக்கு.

பெசன்ட் நகர் அக்கா:
பேருக்கு ஏத்த மாதிரி விஷம்தான்மா, கிழங்குலதான் அதிகம். தின்னா வாந்தி, பேதி ஆகும். ஸ்பைடர் லில்லி, ரெயின் லில்லி கிழங்கும் அதே குடும்பம்தான், அதையும் அலட்சியமா விடக்கூடாது. மண்ணைத் தோண்டுற நாயா இருந்தா விஷமூங்கிலை காம்பவுண்டுக்கு வெளிப்பக்கம் வைங்க, உள்பக்கம் ரியோவும் (இலையோட அடிப்பக்கம் ஊதாவா இருக்கிற செடி) வேண்டாம், அதோட சாறு பட்டா தோல் அரிக்கும். நம்ம மருள் (ஸ்நேக் பிளான்ட்) கூட நாய்க்கு ஒத்துக்காது. குழந்தை விளையாடுற மூலைக்கு சின்ன ஸ்பைடர் பிளான்ட் போதும், அது ஸ்பைடர் லில்லி இல்ல, வேற செடி, ஆபத்தில்லாதது. ஆனா அதுக்கும் உப்புத் தண்ணி ஆகாது, மெட்ரோ தண்ணிதான் ஊத்தணும்.