விலை குறைந்த கிரிம்பிங் இடுக்கி: கம்பி கழல்கிறது, உலோகப் பின்னும் வளைகிறது

கேள்வி

வணக்கம். 2.54 மி.மீ. இடைவெளி கொண்ட டியூபான்ட் வகை இணைப்பிகளின் உலோகப் பின்களைக் கம்பியின் நுனியில் அழுத்திப் பொருத்துவதற்காக (கிரிம்பிங்), ராட்செட் (முழுதும் அழுத்தி முடிக்கும் வரை திறக்க விடாத பற்பூட்டு) உள்ள விலை குறைந்த கிரிம்பிங் இடுக்கி ஒன்றை வாங்கினேன். நாற்பது பின்களுக்கு மேல் வீணாக்கிய பிறகே இதை எழுதுகிறேன். பாதிக்கு மேற்பட்ட பின்களில் லேசாக இழுத்தாலே கம்பி கழன்று வந்துவிடுகிறது. பிடிப்பாக நிற்பவையோ வில் போல் வளைந்து, பிளாஸ்டிக் கூட்டுக்குள் நுழைய மறுக்கின்றன. நான் பயன்படுத்துவது 22 ஏ.டபிள்யூ.ஜி. (கம்பிப் பருமனின் அமெரிக்க அளவு; எண் கூடினால் கம்பி மெலியும்) அளவுள்ள சிலிக்கோன் உறைக் கம்பி. 4 மி.மீ. நீளத்துக்கு உறையை உரித்து, தாடையின் நடுக்குழியில் வைத்து அழுத்துகிறேன். இடுக்கி தரமற்றதா, அல்லது என் செய்முறையில் பிழையா?

மறுமொழி 1

இடுக்கியைக் குறை சொல்லும் முன் பின்னைக் கவனியுங்கள். அதில் இரண்டு ஜோடிக் காதுகள், அதாவது கம்பியைச் சுற்றி மடியும் தகடுகள், இருக்கும். முன்னால் உள்ள சிறிய காதுகள் செப்பு இழைகளைப் பிடிப்பவை. மின்னோட்டம் செல்வது அவற்றின் வழியாகத்தான். பின்னால் உள்ள உயரமான காதுகள் உறையை மட்டும் பிடித்து, கம்பி ஆடும்போது இழைகள் ஒடியாமல் காப்பவை. இந்த இரண்டு வேலைகளுக்கும் வேண்டிய அழுத்தம் ஒன்றல்ல என்பதால், தாடையின் குழியும் ஒரு பக்கம் குறுகியும் மறுபக்கம் சற்று அகன்றும் வெட்டப்பட்டிருக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியும். பின்னைப் பக்கம் மாற்றி நுழைத்தால் செப்பின் மேல் பிடிப்பு தளர்ந்துவிடும். உறையின் மேலோ அளவுக்கு மீறிய அழுத்தம் விழுந்து பின் வளையும். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் இந்த ஒரே பிழையிலிருந்து வரக்கூடியவை.

இன்னொன்று, காதுகள் திறந்திருக்கும் பக்கம், இரட்டை வளைவு உள்ள தாடையை நோக்கி இருக்க வேண்டும். அந்த வளைவுகளே காதுகளை உள்நோக்கிச் சுருட்டி இழைகளுக்குள் இறக்குகின்றன. தலைகீழாக வைத்தால் காதுகள் சுருளாமல் நசுங்கிவிடும். பின்னின் முன்பகுதி, அதாவது மறுமுனையோடு இணையும் பெட்டி போன்ற பகுதி, தாடைக்கு முழுவதும் வெளியே இருக்கட்டும். அது சிறிதளவு உள்ளே மாட்டினாலும் கூட்டுக்குள் நுழையாது.

4 மி.மீ. உரிப்பது அதிகம். 2 முதல் 2.5 மி.மீ. போதும். உரித்த விளிம்பு இரண்டு ஜோடிக் காதுகளுக்கும் இடையே உள்ள இடைவெளியில் நிற்க வேண்டும். அந்த இடைவெளியில் உறையும் செப்பும் இரண்டுமே கண்ணுக்குத் தெரிந்தால் கம்பி சரியான இடத்தில் இருக்கிறது என்று பொருள். முன்பக்கம் இழைகளின் நுனி சற்றே வெளியே தெரியலாம். உறை செப்புக் காதுகளுக்குள் புகுந்துவிட்டால், பார்வைக்கு இறுக்கமாகத் தோன்றினாலும் அந்த இணைப்பு பயனற்றது.

மறுமொழி 2

எனக்கும் இதே தொல்லை இருந்தது. இழைகளுக்கு முதலில் ஈயம் பூசிக்கொண்டு, பிறகு கிரிம்ப் செய்தேன், ஒன்றுகூடக் கழலவில்லை. முயன்று பார்க்கலாம்.

மறுமொழி 1 எழுதியவர்

அன்பு கூர்ந்து அவ்வாறு செய்ய வேண்டாம். ஈயக் கலவை மென்மையானது; தொடர்ந்த அழுத்தத்தில் மெல்ல மெல்ல நகர்ந்து இடம் கொடுத்துவிடும் என்பதால், இன்று இறுக்கமாக இருக்கும் இணைப்பு நாளடைவில் தளர்ந்து சூடேறத் தொடங்கும். கிரிம்ப் செய்தபின் ஈயம் வைப்பதிலும் வேறொரு தீங்கு உண்டு: ஈயம் இழைகளுக்குள் ஊறி உறைக்குள்ளும் ஏறி, கம்பியை விறைப்பாக்குகிறது, விறைப்பு முடியும் இடத்திலேயே இழைகள் ஒடியும். சரியாகச் செய்த கிரிம்பை இரம்பத்தால் அறுத்து, அரத்தால் வழவழப்பாக்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், உருண்டையாக இருந்த இழைகள் இடைவெளியின்றி நெருங்கித் தேன்கூடு போல் பல்கோண வடிவம் கொண்டிருக்கும். காற்றுக்கே இடமில்லாத அந்த நெருக்கத்தில் ஈயத்துக்கு வேலை இல்லை.

கேட்டவர்

மிக்க நன்றி. பின்னை நான் பக்கம் மாற்றித்தான் நுழைத்து வந்திருக்கிறேன். திருப்பி வைத்து, 2.5 மி.மீ. மட்டும் உரித்துச் செய்தபோது கம்பி கழல்வது நின்றுவிட்டது. ஆனால் உறைக் காதுகள் முழுதும் சுற்றி மூடவில்லை. கூட்டுக்குள் நுழைப்பது இன்னும் கடினமாகவே இருக்கிறது. இடையில் ஒரு முறை இடுக்கி பாதியில் சிக்கிக்கொண்டு திறக்கவும் மறுத்தது.

மறுமொழி 3

கடினமாக நுழைவதற்குக் காரணம் உங்கள் கம்பி. 22 ஏ.டபிள்யூ.ஜி. சிலிக்கோன் கம்பியின் வெளிவிட்டம் பெரும்பாலும் 1.7 மி.மீ. இருக்கும், அந்தச் சிறிய பின்னுக்கு அது பருமன். மெல்லிய பி.வி.சி. உறை கொண்ட 24 அல்லது 26 ஏ.டபிள்யூ.ஜி. கம்பிக்கு மாறுங்கள். சிலிக்கோன்தான் வேண்டும் என்றால் இணைப்பியை மாற்ற வேண்டும், ஜே.எஸ்.டி. நிறுவனத்தின் எக்ஸ்.எச். வகை இணைப்பியின் வழக்கமான பின் 28 முதல் 22 ஏ.டபிள்யூ.ஜி. வரையிலும், உறையின் விட்டம் 0.9 முதல் 1.9 மி.மீ. வரையிலும் ஏற்கும்.

சிக்கிய இடுக்கியை வலிந்து திறக்காதீர்கள். கைப்பிடிகளுக்கு இடையே ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். அதைத் தள்ளினால் ராட்செட் விடுபடும். அருகில் உள்ள பற்சக்கரத்தைத் திருப்பி அழுத்தத்தை ஒவ்வொரு படியாகக் குறைக்கவும் கூட்டவும் முடியும்.

கையால் இழுத்துப் பார்ப்பதை மட்டும் நம்பவும் வேண்டாம். உறைக் காதுகளை மடிக்காமல் சில மாதிரிகள் செய்து, பயணப் பெட்டியின் எடை பார்க்கும் கொக்கித் தராசில் மாட்டி இழுங்கள். கம்பி இணைப்பிகளுக்கான அமெரிக்கத் தரநிலையான யு.எல். 486ஏ, 22 ஏ.டபிள்யூ.ஜி. கம்பிக்கு 8 பவுண்டு, அதாவது சுமார் 3.6 கிலோ இழுவிசையையும், 24க்கு 5 பவுண்டையும், 26க்கு 3 பவுண்டையும் தாங்க வேண்டும் என்கிறது. கம்பி முழுதாக உருவி வந்தால் அழுத்தம் போதவில்லை. காதின் விளிம்பிலேயே இழைகள் அறுந்தால் அழுத்தம் மிகுந்துவிட்டது, சக்கரத்தை ஒரு பல் தளர்த்துங்கள்.