தாய்வீட்டுக் குழு: சிப்பிப் பாறைக் கணக்கு

ஷைனி: வெள்ளிக்கிழமை அமாவாசை, கடல் நன்றாக வற்றும். திருவனந்தபுரம் பக்கத்து விழிஞ்ஞத்துப் பாறைகளில் முதுகெலும்பில்லாத உயிர்களைக் கணக்கெடுக்கக் கல்லூரியிலிருந்து வருகிறோம். பெரிய மாமா, நீங்களும் வர வேண்டும்.

பெரிய மாமா: வருகிறேன் மக்களே. சிப்பி அடை அடையாகப் பிடித்திருக்கும் பாறைக்கே நேராகக் கூட்டிப் போகிறேன்.

ஷைனி: அங்கே மட்டும் எண்ணினால் கணக்கு பொய்யாகிவிடும் மாமா. மேல்பாறையிலிருந்து தண்ணீர் வரை கயிறு கட்டி, மீட்டருக்கு ஒன்றாக அரை மீட்டர் சதுரச் சட்டம் வைப்போம். உள்ளே என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. ஒன்றும் இல்லாவிட்டால் பூஜ்யம்.

சித்தி: வெறும் பாறையை எழுதி என்ன பயன்?

ஷைனி: எங்கே இல்லை என்று தெரிந்தால்தானே சித்தி, எதுவரை இருக்கிறது என்று சொல்ல முடியும்?

ஷைனி: [படம்] மேலே வெள்ளையாக இருப்பது கொட்டலசு, பாறையோடு ஒட்டி வாழும் ஓடுள்ள சிறு உயிர். கடல் வற்றினால் வாயை இறுக மூடிக்கொண்டு வெயிலைத் தாங்கும். கீழே தவிட்டு நிறச் சிப்பி. அது பாறையைப் பற்றிக்கொள்ளும் நாருக்குள் பெரிதாக்கிப் பாருங்கள்: அரிசி அளவு நண்டு, புழு, நத்தைக் குஞ்சு.

பெரிய மாமா: சிப்பியைப் பிய்க்கும்போது இவையெல்லாம் கையில் ஊரும். தட்டிவிட்டுத்தான் சாக்கில் போடுவோம். இத்தனை காலத்தில் யாரும் இவற்றைப் பற்றிக் கேட்டதில்லை.

ஷைனி: தட்டிவிடுகிறவைதான் எனக்கு முதலில் வேண்டும் மாமா!

கொல்லம் அண்ணன்: இப்போது என்ன அவசரம்?

ஷைனி: 2024 ஜூலையில் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு முதல் கொள்கலன் கப்பல் வந்தது. கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டும், பாரத்துக்காக ஏற்றும் தண்ணீரில் கலந்தும் வேறு கடல்களின் உயிர்கள் வரக்கூடும். இன்று என்னென்ன இருக்கின்றன என்று எழுதி வைக்காவிட்டால், நாளை எது புதிதாக வந்தது என்று எப்படிச் சொல்வது?

கொல்லம் அண்ணன்: உண்மை. எங்கள் அஷ்டமுடிக் காயலில் தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த சிப்பி பரவி, மட்டி வாழும் இடத்தை நெருக்குகிறது. மட்டி வாரிப் பிழைக்கிறவர்களுக்குத்தான் அடி.

ஷைனி: அதனால்தான் பயமாக இருக்கிறது அண்ணா. தவிட்டுச் சிப்பி இந்தியாவில் இந்தத் தென்முனைக் கரையில்தான் பெருவாரியாக இருக்கிறது. கொல்லத்துக்கு வடக்கே பச்சைச் சிப்பிதான் அதிகம்.

பெரிய மாமா: அப்படியானால் விழிஞ்ஞம் மட்டும் போதாது. முட்டம், கடியபட்டணம் பக்கம் சிப்பிக்கு முங்குகிறவர்களிடம் சொல்லி வைக்கிறேன். அங்கேயும் கயிறு கட்டுங்கள்.

ஷைனி: நிச்சயமாக மாமா! கேரள எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் கரையிலும் எடுத்தால்தான் கணக்கு முழுமையாகும்.

சித்தி: வெறுங்காலோடு இறங்காதே. கொட்டலசு கிழித்துவிடும்.

பெரிய மாமா: அலை ஏறி நான் கூப்பிட்டால், எண்ணிக்கொண்டிருப்பதை அப்படியே விட்டு மேலே வந்துவிட வேண்டும். உன் கூட்டாளிகளிடமும் சொல்.

ஷைனி: சரி மாமா. சொல்லிவிடுகிறேன்.