மஞ்சள் நிறச் சீரத்தில் கார்பன் புள்ளி உணரி தவறுவது ஏன்?

முதுகலை மாணவியின் கேள்வி:

வணக்கம். அல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதியை அளக்க, கார்பன் புள்ளிகளைக் (ஒளி பட்டால் ஒளிரும் கார்பன் நானோதுகள்கள்) கொண்டு ஓர் ஒளிர்வு உணரியை ஆய்வேட்டுக்காக அமைத்து வருகிறேன். நிறமற்ற பாரா நைட்ரோபீனைல் பாஸ்பேட்டை நொதி பிளக்கும்போது மஞ்சள் நிறப் பாரா நைட்ரோபீனால் உண்டாகிறது. அது 405 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை உறிஞ்சிக்கொள்வதால், அதே ஒளியால் தூண்டப்படும் புள்ளிகளின் நீல ஒளிர்வு மங்குகிறது. மங்கும் அளவைக் கொண்டு நொதியைக் கணிக்கிறேன். தாங்கல் கரைசலில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) நேர்கோடு ஒழுங்காக வந்தது. ஆனால் பத்து மடங்கு நீர்த்த சீரத்தைச் (இரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம்) சேர்த்தால், தளப்பொருளை, அதாவது நொதி பிளக்கும் பாஸ்பேட்டை, விடுவதற்கு முன்பே ஒளி குறைந்துவிடுகிறது. மஞ்சள் காமாலை நோயாளி ஒருவரின் மாதிரியில் மிக அதிகமாகக் குறைந்தது. துகள்களின் மேல் புரதம் படிவதுதான் காரணமா?

மறுமொழி 1, நிறமாலையியல் ஆய்வாளர்:

புரதத்தின் பங்கை அறிய, தூய ஆல்புமினை மட்டும் சேர்த்துப் பாருங்கள். ஆயினும் நான் முதலில் ஐயுறுவது காமாலையில் இரத்தத்தில் கூடும் மஞ்சள் நிறமியான பிலிரூபினை. அது 400 முதல் 500 நானோமீட்டர் வரை அகலமாக உறிஞ்சுவதால், உங்கள் தூண்டும் ஒளியில் ஒரு பகுதியையும் புள்ளிகள் உமிழும் நீல ஒளியையும் சேர்த்தே விழுங்கிவிடும். இதைச் சிறு பிழையாகக் கருத வேண்டாம். பித்தநாள அடைப்பால் வந்த காமாலையா, கல்லீரல் செல்கள் பாதிக்கப்பட்டதால் வந்த காமாலையா என்று பிரித்தறியவே மருத்துவர் இந்த நொதியின் அளவைப் பார்க்கிறார். பிலிரூபின் இரண்டிலும் கூடியிருக்கும். அதையும் நொதி என்று எண்ணிவிடும் உணரி, எந்த வேறுபாட்டைக் காட்ட வேண்டுமோ அதையே அழித்துவிடும்.

ஒரே ஒரு முறை அளந்து விடை காணாமல், முப்பது நொடிக்கு ஒரு முறை அளந்து, ஒளிச்செறிவின் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரையுங்கள். உறிஞ்சுதலால் வரும் மங்கல் பெருக்கற்காரணியாக வருவதால், மடக்கை எடுத்ததும் பிலிரூபினின் பங்கு மாறிலியாகப் பிரிந்து நிற்க, சாய்வில் நொதியின் வேகம் மட்டுமே எஞ்சும். சீரத்துக்கு உள்ள சொந்த ஒளிர்வு கூட்டலாக வருவது. ஆகவே புள்ளிகள் இல்லாத சீரத்தைத் தனியே அளந்து, மடக்கை எடுக்கும் முன்பே கழித்துவிட வேண்டும். நீல ஒளியில் பிலிரூபின் உருமாறும் என்பதால் (பச்சிளங்குழந்தைகளின் காமாலைக்கு ஒளி சிகிச்சை தரப்படுவது இப்பண்பினால்தான்), அளக்கும் கணங்களில் மட்டும் ஒளித்தடுப்பைத் திறவுங்கள்.

மறுமொழி 2, மருத்துவ ஆய்வகப் பணியாளர்:

மேலே சொன்னது சரியே. மாதிரி எந்தக் குழாயில் வந்தது என்பதையும் பாருங்கள். இந்த நொதி இயங்குவதற்குத் துத்தநாகமும் மெக்னீசியமும் வேண்டும். ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கப்படும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் அவற்றைப் பற்றிக்கொள்வதால் வேகம் பொய்யாகக் குறையும். பாஸ்பேட் தாங்கலும் ஆகாது, ஏனெனில் விளைபொருளான பாஸ்பேட்டே நொதியைத் தடுக்கும்.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்கிறேன். பாரா நைட்ரோபீனாலின் மஞ்சள் நிறத்தை 405 நானோமீட்டரில் நேரடியாக அளப்பதே எங்கள் அன்றாட முறை. உங்கள் கார்பன் புள்ளி அதே உறிஞ்சுதலைச் சுற்றுவழியில் படிக்கிறது. பெரியவர்களின் சீரத்தில் இந்த நொதி லிட்டருக்குப் பல பத்து அலகுகள் இருப்பதால், மிக நுண்ணிய கண்டறிதல் வரம்பு இங்கே பெரிய பயன் தராது. விரல்நுனி இரத்தத்தின் ஒரு துளியில் அளக்க முடிந்தால் பயன் தரும்.

மறுமொழி 1 எழுதியவர்:

ஒப்புக்கொள்கிறேன். ஒளி அணைவதைக் காட்டிலும் ஒளி தோன்றும் அமைப்பே நம்பத்தக்கது, ஏனெனில் ஒளியை மங்கச் செய்யும் பொருள்கள் சீரத்தில் ஏராளம். தங்க நானோதுகளோடு ஒரு பெப்டைடால் (அமினோ அமிலங்களின் சிறு சங்கிலி) கட்டப்பட்ட சாயம் ஒளிராமல் கிடக்கும். மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டியேஸ் போன்ற நொதி அந்தப் பெப்டைடை வெட்டியதும் சாயம் விலகி ஒளிரும். அத்தகைய நொதிகளில்தான் நானோதுகள் தன் தனித்தன்மையைக் காட்டுகிறது.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. குறிப்பேட்டைப் பார்த்தேன், நான்கு மாதிரிகளில் இரண்டு ஊதா மூடிக் குழாயில் வந்தவை. அவற்றை விலக்கிவிட்டு, புதிய சீரத்தில் நேரவாரியாக அளந்து, அதே மாதிரிகளின் 405 நானோமீட்டர் அளவீட்டையும் பக்கத்தில் வைத்து முடிவை இங்கேயே பதிவிடுகிறேன்.